ஈ.பி பில் 500 யூனிட்டைத் தாண்டுதா? முதல்ல வெந்நீர்க் கணக்கைப் பாருங்க!

ஜனவரி முதல் வாரம். பொங்கலுக்கு முன்பே நான்கு நாள் லீவு சேர்த்துப் போட்டுக்கொண்டு கோயம்புத்தூர் போய் இறங்கினேன். வீட்டுக்குள் நுழைந்ததும் காபிக்கு முன்னால் கைக்கு வந்தது, அப்பாவின் மொபைல். அதில் மின்வாரியம் அனுப்பியிருந்த மெசேஜ்.

``548 யூனிட். பாத்தியா சாமி? ஏ.சி போடற மாசமா இது? ஃபேன்கூடப் போடறதில்ல. அப்புறம் எப்படி 548?''

அப்பா கேட்டது நியாயமான கேள்வி. ஏப்ரல், மே மாதங்களில் எகிற வேண்டிய பில், மார்கழியில் எப்படி எகிறும்? பத்திரிகையில் வேலை பார்க்கிற பிள்ளை வந்ததும் `நீயே கண்டுபிடி' என்று அந்தக் கேஸை என் தலையில் கட்டிவிட்டார்.

கண்டுபிடித்தேன். ஆனால், யூனிட்டைத் தேடப்போன இடத்தில், யூனிட்டைவிடப் பெரிய ஒரு விஷயமும் கிடைத்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் கணக்கு.

குற்றவாளி யார்?

வீட்டை ஒரு சுற்று சுற்றி வந்தேன். ஃப்ரிட்ஜ் வருடம் முழுக்க ஓடுவதுதான். டி.வி, லைட், மிக்ஸி, வாஷிங் மெஷின் எல்லாம் வழக்கம்போலத்தான். குளிர்காலத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரே ஆள், பாத்ரூம் பரணுக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்த கீசர். 25 லிட்டர், 2,000 வாட். வாங்கி எட்டு, ஒன்பது வருஷம் இருக்கும்.

கீசர் எவ்வளவு கரன்ட் எடுக்கிறது என்று தெரிந்துகொள்ள எந்த மெஷினும் தேவையில்லை. அதன் அடியில் ஒரு சின்ன சிவப்பு லைட் இருக்கும். பெரும்பாலான கீசர்களில் தண்ணீர் சூடாகும்போது அது எரியும். செட் பண்ணிய சூடு வந்ததும் அணையும். மறுபடி தண்ணீர் ஆறினால் எரியும். அந்த லைட் எரிகிற நேரம்தான் நம் பில்.

2,000 வாட் கீசரில் லைட் அரை மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட். அவ்வளவுதான் கணக்கு. உங்கள் கீசர் எத்தனை வாட் என்பது அதன் மேலேயே ஒட்டியிருக்கும். 3,000 வாட் என்றால் 20 நிமிடத்துக்கு ஒரு யூனிட்.

ஒரு பழைய டைரியை எடுத்துக்கொண்டு, ஒரு நாள் முழுக்க பாத்ரூம் வாசலில் வாட்ச்மேன் வேலை பார்த்தேன். ``இதுக்குத்தான் டிப்ளமா படிச்சியா?'' என்று தம்பி கிண்டல் பண்ணினான். பண்ணட்டும். காலையில் 80 நிமிடம், மாலையில் 25 நிமிடம் லைட் எரிந்தது. மொத்தம் 105 நிமிடம். அதாவது, ஒரு நாளைக்கு மூன்றரை யூனிட்.

60 நாளைக்கு? 210 யூனிட்! 548-ல் 210 வெந்நீருக்கு மட்டும். எங்கள் வீட்டு பில்லில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு பாத்ரூமில் போய்க்கொண்டிருந்தது.

ஒரு பக்கெட் வெந்நீருக்கு எவ்வளவு?

அடுத்த கேள்வி, இந்த மூன்றரை யூனிட் உண்மையிலேயே தேவைதானா?

இதற்குப் பள்ளிக்கூட அறிவியல் போதும். எத்தனை லிட்டர் தண்ணீர், அதை எத்தனை டிகிரி ஏற்ற வேண்டும், இரண்டையும் பெருக்கி 860-ஆல் வகுத்தால் எத்தனை யூனிட் என்று வந்துவிடும். இந்த 860-ஐ மட்டும் மொபைலில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆன்லைனில் வாங்கிய சமையல் தெர்மாமீட்டரைக் குழாயடியில் பிடித்துப் பார்த்தேன். காலை ஆறு மணிக்கு டேங்க் தண்ணீர் 22 டிகிரி. குளிக்க இதமான சூடு 38-லிருந்து 40 டிகிரி. எங்கள் வீட்டு பக்கெட்டில் குளிக்கிற அளவுக்குப் பிடித்தால் 18 லிட்டர். 18 லிட்டரை 18 டிகிரி ஏற்ற வேண்டும். 18 × 18 = 324. அதை 860-ஆல் வகுத்தால், 0.38 யூனிட்.

ஒரு ஆள் ஒரு பக்கெட் வெந்நீரில் குளிக்க அரை யூனிட்கூட ஆகாது. அப்பா காலையிலும் மாலையிலும், அம்மா காலையில், தம்பி காலையிலும் விளையாடிவிட்டு வந்த பிறகும். மொத்தம் ஐந்து குளியல். எல்லாரும் பக்கெட்டில் குளித்தால் இரண்டு யூனிட்டுக்குள் முடிய வேண்டும். (நான் சென்னைவாசி ஆகிவிட்டதால் எப்போதும் பச்சைத் தண்ணீர்தான், என்னைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.)

அப்படியென்றால், மீதி ஒன்றரை யூனிட் எங்கே போகிறது?

யாரும் குளிக்காத குளியல்

டைரியைத் திரும்பப் பார்த்தபோது ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. காலையில் கடைசியாகக் குளித்தது தம்பி. எட்டரை மணிக்கு வெளியே வந்துவிட்டான். ஆனால், சிவப்பு லைட் அதற்குப் பிறகும் அரை மணி நேரத்துக்கு மேல் எரிந்துகொண்டே இருந்தது!

காரணம் எளிது. நாம் கீசரிலிருந்து ஒரு சொம்பு வெந்நீர் எடுத்தால், அதே அளவு பச்சைத் தண்ணீர் உள்ளே போகும். கடைசி ஆள் குளித்து முடிக்கும்போது, உள்ளே முக்கால்வாசி புதுத் தண்ணீர்தான் இருக்கும். சுவிட்ச் ஆனில் இருந்தால், அந்த 25 லிட்டரையும் கீசர் பாவம் மறுபடி கொதிக்கக் கொதிக்கச் சூடு பண்ணி வைக்கும். யாருக்கு? யாருக்கும் இல்லை. எல்லாரும் ஆபீஸ், காலேஜ் கிளம்பியாச்சு.

22 டிகிரியில் இருக்கும் 25 லிட்டரை 65 டிகிரிக்குக் கொண்டுபோக 1.25 யூனிட் ஆகும். அதாவது, மூன்று பேர் குளிக்கிற கரன்ட். மாலை வரைக்கும் அந்தச் சூட்டில் கொஞ்சம் மிஞ்சும்தான். ஆனால், எங்கள் பழைய கீசரில் மாலை ஆறு மணிக்குத் திறந்தால் சுமாரான வெதுவெதுப்புதான் வந்தது. மீதிச் சூடெல்லாம் பாத்ரூம் காற்றில் கரைந்துபோயிருந்தது.

``அடிக்கடி ஆன், ஆஃப் பண்ணினாத்தான் கரன்ட் ஜாஸ்தி இழுக்கும், அப்படியே விட்டுடறதுதான் நல்லது'' என்று பல வீடுகளில் நம்புகிறார்கள். எங்கள் அம்மாவும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார். அது சரியில்லை. கீசரை ஓட்டை வாளி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். வாளியில் தண்ணீர் நிறைய நிறைய ஓட்டையில் ஒழுகுவதும் வேகமாகும். அதுபோல, உள்ளே எவ்வளவு சூடாக, எவ்வளவு நேரம் வைத்திருக்கிறோமோ, அவ்வளவு சூடு வெளியே ஒழுகும். தேவைப்படும்போது மட்டும் போட்டு, தேவை முடிந்ததும் அணைப்பதுதான் எப்போதும் மிச்சம்.

நாங்கள் மாற்றிய ஐந்து விஷயங்கள்

பைசா செலவில்லாமல், புது மெஷின் எதுவும் வாங்காமல் மாற்றியவை இவை.

1. கடைசி ஆள் உள்ளே போகும்போதே ஆஃப்

இதுதான் முதல் விதி. 25 லிட்டர் தண்ணீர் 50 டிகிரியில் இருந்தால், அதைப் பச்சைத் தண்ணீரோடு விளாவினால் ஏறத்தாழ 39 லிட்டர் குளிக்கிற தண்ணீர் கிடைக்கும். இரண்டு பக்கெட்! அதனால் கடைசி ஆள், ஏன், கடைசிக்கு முந்தைய ஆள் குளிக்கும்போதே கீசரை அணைத்துவிடலாம். பாத்ரூம் கதவில் ஒரு பேப்பர் ஒட்டினோம்: `கடைசியா நீயா? சுவிட்ச்சை அணை.'

2. ஒருவர் பின் ஒருவராக

அப்பா ஆறு மணிக்கு, அம்மா ஏழரைக்கு, தம்பி எட்டரைக்கு என்று இழுத்துக்கொண்டே போனால், அத்தனை நேரமும் கீசர் சூட்டைக் காத்துக்கொண்டே இருக்க வேண்டும். இப்போது ஆறரையிலிருந்து ஏழரைக்குள் வரிசையாகக் குளியல். குளிப்பதற்கு 25 நிமிடம் முன்னால் போட்டால் போதும்.

3. சூட்டைக் குறைத்தோம்

கீசரின் அடியில் ஒரு திருகு இருக்கும். பல வீடுகளில் வாங்கிய நாளிலிருந்து அது அதிகபட்சத்திலேயே நிற்கும். 65, 70 டிகிரிக்குக் கொதிக்க வைத்து, அதில் பச்சைத் தண்ணீரை ஊற்றி ஆற்றிக் குளிக்கிறோம். 50 டிகிரிக்கு வைத்தால் ஒழுகும் சூடும் குறையும், குழந்தைகளுக்கும் பாதுகாப்பு. 60 டிகிரி தண்ணீர் சில விநாடிகளிலேயே தோலைச் சுட்டுவிடும். சில மாடல்களில் இந்தத் திருகு மூடிக்கு உள்ளே இருக்கும். அதை நாமே கழற்ற வேண்டாம், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கை: ஊருக்குப் போய்விட்டு வந்து, பல நாள் சும்மா கிடந்த கீசரை முதல் தடவை போடும்போது மட்டும் முழுச் சூட்டுக்குக் கொண்டுபோய், கொஞ்சம் தண்ணீரைத் திறந்துவிட்டுப் பிறகு குளியுங்கள். வெதுவெதுப்பாகத் தேங்கிக் கிடக்கும் தண்ணீரில் கிருமிகள் வளர வாய்ப்பு உண்டு.

4. ஷவருக்கு லீவு

இது தம்பிக்கான விதி. ஷவரைத் திறந்துவிட்டுப் பாட்டு முடியும் வரை நிற்பவன். சாதாரண ஷவரில் நிமிடத்துக்கு ஏழெட்டு லிட்டர் கொட்டும். ஐந்து நிமிடத்துக்கு இரண்டு பக்கெட். மார்கழி, தை இரண்டு மாதமும் பக்கெட், சொம்புதான் என்று பேசி முடித்தோம். (அவன் கேட்ட நஷ்டஈடு: ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஷவர். கொடுத்தாச்சு.)

5. மாலைக் குளியலுக்கு சூரியன்

இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அதே தெர்மாமீட்டரை மாலை ஐந்தரை மணிக்குப் பிடித்தேன். 29 டிகிரி! காலையில் 22, மாலையில் 29. மொட்டைமாடியில் வெயில் குடித்துக்கொண்டிருக்கும் கறுப்பு டேங்க், பகல் முழுக்க நமக்காக இலவசமாகத் தண்ணீரைச் சூடு பண்ணி வைத்திருக்கிறது. நாம்தான் அதை இருட்டும் வரை ஆறவிட்டு, மறுநாள் காலை காசு கொடுத்துச் சூடு பண்ணுகிறோம். 29 டிகிரித் தண்ணீரை 38-க்குக் கொண்டுவர ஒரு பக்கெட்டுக்கு 0.19 யூனிட் போதும். காலையில் ஆகிற கரன்ட்டில் பாதி. காலையில்தான் குளிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாதவர்கள், குளிர்கால இரண்டு மாதமும் ஐந்து, ஆறு மணிக்குக் குளித்துப் பாருங்கள். பலருக்குக் கீசரே தேவைப்படாது.

இந்த ஐந்தையும் செய்த பிறகு மறுபடி டைரியோடு உட்கார்ந்தேன். காலை 50 நிமிடம், மாலை 10 நிமிடம். மொத்தம் ஒரு மணி நேரம். இரண்டு யூனிட். ஒரு நாளைக்கு ஒன்றரை யூனிட், 60 நாளைக்கு 90 யூனிட் மிச்சம்.

90 யூனிட்தானே என்று நினைக்காதீர்கள்

தமிழ்நாட்டு மின் கட்டணத்தில் 500 ஒரு லட்சுமணக்கோடு. வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டுக்குள் இருக்கும் வரை, அடுத்த 100 யூனிட்டுக்கும் குறைந்த கட்டணம்தான். 500-ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் அந்தச் சலுகை போய்விடும். அந்த 100 யூனிட்டும் மேல்படிக் கட்டணத்துக்கு ஏறிவிடும். இதிலேயே 200 ரூபாய்க்கு மேல் கூடும். கூடவே, 500-க்கு மேல் ஓடும் ஒவ்வொரு யூனிட்டும் எட்டு ரூபாய்க்கு மேல்.

அதனால்தான் 548-லிருந்து 90 யூனிட் குறைந்து 458 ஆனால், குறைவது ஏறத்தாழ 900 ரூபாய். யூனிட்டுக்குப் பத்து ரூபாய் மாதிரி!

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு வேறு கதை. சப்-மீட்டர் போட்டு, யூனிட்டுக்கு எட்டு, ஒன்பது ரூபாய் என்று ஒரே ரேட்டில் வசூலிக்கும் ஹவுஸ் ஓனர்கள் பல பேர். அங்கே இலவச 100 யூனிட்டும் கிடையாது, குறைந்த கட்டணமும் கிடையாது. சென்னையில் நான் இருக்கும் அறையிலும் இதே நிலைமைதான். அங்கே முதல் யூனிட்டிலிருந்தே மிச்சம் பிடிக்க வேண்டும்.

கேஸ் அடுப்பில் வைத்தால் லாபமா?

`கரன்ட் எதுக்கு, ஒரு குண்டா தண்ணிய அடுப்புல வெச்சா ஆச்சு' என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 14.2 கிலோ சிலிண்டரில் இருக்கும் வெப்பம் ஏறத்தாழ 180 யூனிட் கரன்ட்டுக்குச் சமம். ஆனால், அடுப்பில் எரிவதெல்லாம் பாத்திரத்துக்குள் போவதில்லை. பக்கவாட்டில் போவது போக, 100, 110 யூனிட் அளவுக்குத்தான் தண்ணீரில் இறங்கும். சிலிண்டர் 900 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், யூனிட்டுக்கு எட்டிலிருந்து ஒன்பது ரூபாய். 500 யூனிட்டுக்குள் கரன்ட் பில் வரும் வீடுகளில், கேஸில் குளியல் தண்ணீர் வைப்பது லாபமில்லை. கொதிக்கிற குண்டாவைச் சமையலறையிலிருந்து பாத்ரூமுக்குத் தூக்கிக்கொண்டு போகும் ஆபத்து வேறு.

குடிக்கிற வெந்நீர் வேறு விஷயம். ஒரு லிட்டரைக் கொதிக்க வைக்க எதிலும் அதிகச் செலவில்லை; எலெக்ட்ரிக் கெட்டிலில் பத்தில் ஒரு பங்கு யூனிட்தான். ஆனால், ஒரு நாளைக்கு நாலு தடவை கொதிக்க வைத்து நாலு தடவையும் ஆறவிடுவதுதான் வீண். காலையில் ஒரு தடவை கொதிக்க வைத்து ஃபிளாஸ்க்கில் ஊற்றிவிடுங்கள். அடுப்பில் வைப்பதானால், தட்டு போட்டு மூடி வையுங்கள்.

ராடு: மலிவு, ஆனால்...

பக்கெட்டில் போடும் ஹீட்டர் ராடு, சிக்கனத்தில் கில்லாடி. எடுக்கிற கரன்ட் மொத்தமும் அந்த ஒரு பக்கெட்டுக்குள்தான் போகும். 1,500 வாட் ராடில் கால் மணி நேரத்தில் பக்கெட் தயார். ஆனால், இதில் உயிர் போன வீடுகள் உண்டு என்பதால் நான்கு விஷயங்களில் சமரசமே கூடாது.

• சூடாகிவிட்டதா என்று ஆனில் இருக்கும்போது விரலை விட்டுப் பார்க்கவே கூடாது. சுவிட்ச்சை அணைத்து, பிளக்கைக் கழற்றி, ராடை வெளியே எடுத்த பிறகுதான் தண்ணீரைத் தொட வேண்டும்.

• இரும்பு, அலுமினிய பக்கெட் வேண்டாம். பிளாஸ்டிக் பக்கெட்டில் ராடு பக்கத்திலோ அடியிலோ ஒட்டாமல் தொங்க வேண்டும்.

• ஐ.எஸ்.ஐ முத்திரை உள்ளது மட்டும். தெருவோரத்தில் மலிவாகக் கிடைப்பது வேண்டாம். மூன்று முனை பிளக், எர்த் உள்ள பாயின்ட் கட்டாயம்.

• குழந்தைகள் நடமாடும் இடத்தில் ராடைப் போட்டுவிட்டு நகரக் கூடாது.

ராடோ, கீசரோ, வீட்டு மெயினில் ஆர்.சி.சி.பி இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். கரன்ட் கசிந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் லைனைத் துண்டிக்கும் சாதனம் அது. அதற்குச் செய்யும் செலவைச் செலவென்றே நினைக்காதீர்கள்.

கேஸ் கீசர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதைப் பாத்ரூமுக்குள் மாட்டவே கூடாது. கதவைச் சாத்திக்கொண்டு குளிக்கும்போது, உள்ளே சேரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மயங்கி விழும் வரை தெரியாது. கீசர் காற்றோட்டமான வெளிப்பக்கத்தில் இருக்க வேண்டும், வெந்நீர் மட்டும் குழாயில் உள்ளே வர வேண்டும்.

உப்புத் தண்ணி ஊர்க்காரர்கள் கவனத்துக்கு

எங்கள் ஊரில் குடிக்க சிறுவாணி, புழங்க போர் தண்ணி. அந்தப் போர் தண்ணீர் கீசருக்குள் வெள்ளை வெள்ளையாகப் பொருக்குக் கட்டும். அதனால் பில் பெரிதாக ஏறிவிடாது. ஆனால் காயிலின் மேல் அந்தப் பொருக்கு போர்வை மாதிரி மூடிக்கொண்டால், காயில் உள்ளுக்குள் அளவுக்கு மீறிச் சூடேறி எரிந்துபோகும். வருஷத்துக்கு ஒரு தடவை சர்வீஸ் பண்ணி, பொருக்கைச் சுரண்டி, உள்ளே இருக்கும் மக்னீசியம் ராடு கரைந்துபோயிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். டேங்க் துருப்பிடிக்காமல் காப்பதற்காகத் தன்னையே கரைத்துக்கொள்ளும் கம்பி அது.

புதுசு வாங்கலாமா? சோலார் போடலாமா?

கீசர் பழுதாகி மாற்றும் நேரம் வந்தால், ஸ்டார் லேபிளைப் பாருங்கள். பி.இ.இ எனப்படும் மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு தரும் இந்த ஸ்டார், கீசரிலிருந்து எவ்வளவு சூடு ஒழுகுகிறது என்பதைத்தான் சொல்கிறது. அதிக நேரம் ஆனில் வைக்கிற வீட்டில் ஐந்து ஸ்டார் கட்டாயம். இரண்டு பேர் மட்டும் பக்கெட்டில் குளிக்கும் வீட்டுக்கு 25 லிட்டரே வேண்டாம். 3 லிட்டர் இன்ஸ்டன்ட் போதும். 3,000 வாட் இன்ஸ்டன்ட்டில், எங்கள் ஊர்க் குளிரில் ஏழெட்டு நிமிடத்தில் ஒரு பக்கெட் நிறையும். மிச்சத் தண்ணீர் உள்ளே ஆறிக் கிடக்கும் பேச்சே இல்லை. வயரிங் அந்த லோடைத் தாங்குமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சோலார் ஹீட்டருக்கு அப்பா ரொம்ப ஆசைப்பட்டார். உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 100 லிட்டர் சோலார் மூன்று, நான்கு பேருக்குப் போதும். ஆனால், நாங்கள் இப்போது வெந்நீருக்கு எடுப்பதே குளிர்காலத்தில் இரண்டு மாதத்துக்கு 120 யூனிட்; வெயில் காலத்தில் ஏறத்தாழ பூஜ்யம். போட்ட பணம் திரும்பி வர எங்கள் வீட்டில் பல வருஷம் ஆகும். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு மாதிரி வருஷம் முழுக்க வெந்நீர் தேவைப்படும் ஊர்களுக்கும், ஏழெட்டுப் பேர் இருக்கும் கூட்டுக் குடும்பத்துக்கும், ஹாஸ்டல் நடத்துபவர்களுக்கும் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். உப்புத் தண்ணீர் என்றால், செம்புக் குழாய் உள்ள மாடல் அடைத்துக்கொள்ளும். கண்ணாடிக் குழாய் மாடல் பரவாயில்லை. பழக்கத்தை மாற்றிப் பாருங்கள். அதற்குப் பிறகும் பில் குறையவில்லை என்றால் மெஷினை மாற்றுங்கள். அந்த வரிசைதான் சரி.

டைரியில் இல்லாத ஒரு பெயர்

கடைசியில் சொல்கிறேன் என்றேன் அல்லவா?

முதல் நாள் டைரியை ராத்திரி உட்கார்ந்து கூட்டிக்கொண்டிருந்தேன். அப்பா, அம்மா, தம்பி... அம்மிச்சி எங்கே? அம்மாவின் அம்மா. ஊர் வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்து மூன்று வருஷம் ஆகிறது. முழங்கால் வலி. டாக்டரே வெந்நீரில் குளிக்கச் சொல்லியிருக்கிறார். அவர் குளித்ததைப் பார்த்தேன். ஆனால், அவருடைய பெயருக்கு நேராக ஒரு நிமிடம்கூட லைட் எரியவில்லை.

மறுநாள் விடிகாலை ஐந்து மணிக்கே எழுந்து பார்த்தேன். எல்லாரும் தூங்கும்போது, சுவிட்ச்சைத் தொடாமல், 22 டிகிரித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு வெளியே வந்தார். பல் கிட்டிக்கொண்டிருந்தது.

``என்ன அம்மிச்சி இது?''

``ஒண்ணுமில்ல கண்ணு. பச்சத்தண்ணி ஒடம்புக்கு நல்லதுல்ல...''

நான் நகராமல் நின்றேன். ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னார். ``போன தடவ பில்லப் பாத்துட்டு மாப்பிள்ளை வெசனப்பட்டாருல்ல. நானொருத்தி கொறச்சா கொஞ்சம் கொறையட்டுமேன்னுதான். உங்கொப்பன்கிட்டச் சொல்லிப்போடாத சாமி.''

அப்பா திட்டியது யாரையுமே இல்லை. பில்லைப் பார்த்து, ``பாத்ரூம்லயே குடித்தனம் நடத்தறீங்களா எல்லாரும்?'' என்று பொதுவாகச் சத்தம் போட்டிருக்கிறார். கால் மணி நேரம் ஷவரில் நின்ற தம்பியின் காதில் அது விழவில்லை. மருமகன் வீட்டில் இருக்கிறோமே என்று எப்போதும் ஓரமாக உட்காரும் அம்மிச்சியின் காதில் மட்டும் விழுந்திருக்கிறது.

அவர் ஒரு பக்கெட் வெந்நீரில் குளிக்க ஆகும் கரன்ட், 0.38 யூனிட். யாருமே குளிக்காத 25 லிட்டருக்கு நாங்கள் தினமும் செலவழித்ததில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

சொல்லாதே என்றார். சொல்லிவிட்டேன். அப்பா கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. மறுநாள் ஆறு மணிக்கு அவரே போய் கீசரைப் போட்டார். 25 நிமிடம் கழித்து பக்கெட்டில் பிடித்து, பச்சைத் தண்ணீர் விட்டு விளாவி, கையை விட்டுப் பார்த்துவிட்டு, ``அத்தை, தண்ணி ரெடிங்க. மொதல்ல நீங்க குளிங்க'' என்று கூப்பிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டு வரிசையில் முதல் குளியல் அம்மிச்சியுடையது. மேலே சொன்ன `50 நிமிடம்' கணக்கில் அவருடைய பக்கெட்டும் சேர்த்திதான்.

அம்மிச்சி இப்போது குளித்துவிட்டு வந்து, ஊர் வீட்டுக் கொல்லையில் செம்பு அண்டாவில் தென்னை மட்டையும் பாளையும் எரித்து வெந்நீர் போட்ட கதையெல்லாம் சொல்கிறார். ``அப்பவும் கடைசியாக் குளிக்கறவங்கதான் நெருப்ப அணைக்கோணும்'' என்றார். என் முதல் விதியை எனக்கு முன்னாலேயே கண்டுபிடித்திருக்கிறார்கள்!

மார்ச்சில் பில் வந்தது. 461 யூனிட். அப்பா ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஃபேமிலி குரூப்பில் போட்டார்.

நீங்களும் இந்த வாரம் ஒரு நாள் அந்தச் சிவப்பு லைட்டைக் கவனியுங்கள். எத்தனை நிமிடம் எரிகிறது என்று எழுதுங்கள். யாருடைய பெயருக்கு நேரே அதிக நிமிடம் என்பதோடு, யாருடைய பெயருக்கு நேரே ஒன்றுமே இல்லை என்பதையும் பாருங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால், முதலில் அந்த ஒரு பக்கெட்டைப் பிடித்து வைத்துவிட்டு, மிச்சத்தில் சிக்கனம் பாருங்கள்.

அடுத்த வாரம், ஃப்ரிட்ஜ் கதவைத் திறப்போம்!